பழைய பிஎம்டபிள்யூ வாங்கணும்னா மொதல்ல வீட்ல இன்னொரு வண்டி இருக்கான்னு பாருங்க

என் கார பாத்ததும் எல்லாரும் கேக்குற மொத கேள்வி மைலேஜ் எவ்ளோ, ரெண்டாவது மெயின்டனன்ஸ் எவ்ளோ ஆகுது. மைலேஜுக்கு டக்குனு பதில் சொல்லிடலாம், சிட்டில பத்து பதினொன்னு, ஹைவேல பொறுமையா போனா பதினாறு பதினேழு, அவ்ளோதான். ரெண்டாவது கேள்விக்குத்தான் ஒரு நம்பர் சொன்னா போதாது, கேக்குறவர் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சாதான் பதில் சொல்ல முடியும். அதனாலதான் இத தனியா உக்காந்து எழுதுறேன், இனிமே யாராவது கேட்டா இந்த லிங்க அனுப்பிடலாம்.

வண்டி 2011 மாடல் பிஎம்டபிள்யூ 320டி. இ90ன்னு சொல்லுவாங்களே அந்த பாடி, ரெண்டு லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக். புதுசுல ஆன் ரோடு முப்பது லட்சத்த தாண்டுன வண்டி. நான் வாங்குனது ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ, 2022ல. இன்னிக்கு அந்த காசுக்கு ஒரு புது ஸ்விஃப்ட் டாப் மாடல் கூட ரோட்டுக்கு வராது. இது நம்ம ஊரு வண்டி வேற, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துல மஹிந்திரா வேர்ல்ட் சிட்டில 2007 மார்ச்ல ஆரம்பிச்ச பிளான்ட்ல பூட்டுனது. "ஜெர்மன் கார்"னு சொந்தக்காரங்க சொல்றப்போ நான் செங்கல்பட்டு கார்னு திருத்துவேன், யாரும் சிரிக்க மாட்டாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி மெக்கானிக்க தேடுனேன், கார அப்புறம்தான் தேடுனேன். இது ரொம்ப முக்கியம். அம்பத்தூர் பக்கம் ஒரு அண்ணன், ஷோரூம்ல பல வருஷம் வேல பாத்துட்டு வெளிய வந்து சொந்தமா ஷெட் போட்டவரு, ஜெர்மன் வண்டி மட்டும்தான் பாப்பாரு. அவர்கிட்ட போய் அண்ணே இப்படி ஒரு வண்டி வாங்கலாம்னு இருக்கேன், மாசம் எவ்ளோ ஒதுக்கணும்னு கேட்டேன். சம்பளம் எவ்ளோன்னு கேப்பாருன்னு பாத்தா, "வீட்ல வேற என்ன வண்டி தம்பி இருக்கு"ன்னு கேட்டாரு. ஒரு ஆல்டோ இருக்குண்ணே, வைஃப் ஓட்டுறாங்க, எனக்கு ஒரு ஆக்டிவா இருக்குன்னேன். "ஆல்டோவ விக்கப் போறியா?" இல்லண்ணே. "அப்ப தாராளமா வாங்கு."

அன்னிக்கு எனக்கு அது சரியா பிடிபடல. இப்ப இந்த வண்டிய மூணு வருஷமா வெச்சிருந்து சொல்றேன், பழைய லக்சரி காரோட மெயின்டனன்ஸ் செலவ முடிவு பண்றது உங்க சம்பளம் இல்ல, அந்த வண்டி இல்லாம நீங்க எத்தன நாள் சமாளிக்க முடியுங்கறதுதான். திங்கக்கிழம காலைல ஆபீஸ் போக இந்த ஒரு வண்டிதான் இருக்குன்னா நீங்க ஷோரூம் சொல்ற ரேட்ட கொடுத்தே ஆகணும், வேற வழியே இல்ல. ரெண்டு வாரம் அது ஷெட்ல நின்னாலும் பரவால்ல, நம்ம பொழப்பு ஓடும்னா அதே வேல மூணுல ஒரு பங்கு காசுல முடியும்.

ஏன் அப்படின்னா, கார் வெல இறங்குச்சே தவிர ஸ்பேர்ஸ் வெல இறங்கல. முப்பது லட்ச ரூபா வண்டிக்கு என்ன பார்ட்ஸோ அதேதான் ஏழு லட்ச ரூபா வண்டிக்கும். ஆனா அந்த பார்ட்ஸுக்கு ஒரு ரேட் கிடையாது, குறைஞ்சது மூணு ரேட் இருக்கு. பிஎம்டபிள்யூ டப்பாவுல வர்றது ஒரு ரேட். பிஎம்டபிள்யூவுக்கே செஞ்சு குடுக்குற கம்பெனி தன்னோட சொந்த டப்பாவுல போட்டு விக்கிறது இன்னொரு ரேட். லெம்ஃபோர்டர், சாக்ஸ், மாலே, மான், பாஷ், ஹெல்லா இவங்கெல்லாம் அந்த கணக்கு. மூணாவது நம்ம சென்னை புதுப்பேட்டை. ஆக்சிடென்ட் ஆன வண்டி, வெள்ளத்துல போன வண்டின்னு உடைச்சு விக்கிற பழைய சாமான்.

என் வண்டில பிரேக் போடும்போது எண்பது தொண்ணூறு ஸ்பீடுல ஸ்டீயரிங் லேசா நடுங்க ஆரம்பிச்சுது. நம்ம ரோட்ல ஓடுன இந்த வயசு வண்டிக்கு இது சகஜம், முன்னாடி கண்ட்ரோல் ஆர்ம்ல, அதாவது சக்கரத்த பாடியோட சேத்து புடிக்கிற கைல, எண்ணெய் ரொப்புன ரப்பர் புஷ் ஒன்னு இருக்கும், அது வெடிச்சு எண்ணெய் ஒழுகிடும். ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல கேட்டேன், புஷ் தனியா மாத்த மாட்டோம், ரெண்டு பக்கமும் ஆர்மோட சேத்து மாத்தணும், அப்புறம் அலைன்மென்ட், லேபர், ஜிஎஸ்டின்னு ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போனும் ஒரு நல்ல ஐபோனும் சேத்து வாங்குற அளவுக்கு ஒரு எஸ்டிமேட் வந்துச்சு. அண்ணன் கிட்ட போனா, "அதே ஆர்ம் லெம்ஃபோர்டர்ல வரும், வாங்கிட்டு வா, நான் போட்டுத் தர்றேன்"னாரு. வாங்குனேன். பிரிச்சு பாத்தா ஒரு இடத்துல கிரைண்டர் வெச்சு தேய்ச்ச தழும்பு இருந்துச்சு. அது என்னன்னா பிஎம்டபிள்யூ லோகோ அச்சு இருந்த இடம். ஒரே ஃபேக்டரி, ஒரே அச்சு, வெளிய விக்கும்போது லோகோவ மட்டும் தேய்ச்சு எடுத்துட்டு விப்பாங்க. அந்த தழும்புதான் நாம மிச்சம் புடிச்ச காசு. ஆனா அது டெல்லில இருந்து பார்சல்ல வர்ற வரைக்கும் வண்டி ஷெட்லதான் நின்னுச்சு, நான் ஆக்டிவாலதான் போனேன்.

பார்ட்ஸ் ஆர்டர் பண்றதுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். மாடல் பேரச் சொல்லி வாங்காதீங்க. 320டின்னு சொன்னா வருஷத்துக்கு வருஷம், சில சமயம் மாசத்துக்கு மாசம் பார்ட் மாறியிருக்கும். உங்க சேஸ் நம்பர், பதினேழு எழுத்து இருக்கும், அதுல கடைசி ஏழ எடுத்து ரியல்ஓஇஎம் மாதிரி கேட்டலாக் சைட்ல போட்டா உங்க வண்டியோட படம் படமா பிரிச்சு ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பார்ட் நம்பர் குடுத்துரும். அந்த நம்பர வெச்சு பூட்மோன்னு ஆன்லைன் ஸ்பேர்ஸ் சைட்ல தேடலாம், சென்னை ஜிபி ரோட்ல ஸ்பேர்ஸ் கடைக்காரர்கிட்ட கேக்கலாம், புதுப்பேட்டைல கூட அந்த நம்பர காட்டி கேட்டா மரியாதையே வேற, இவனுக்கு ஏதோ தெரியும்னு ரேட்ட பாத்து சொல்லுவாங்க. புதுப்பேட்டைல நான் வாங்குறது கதவு ஹேண்டில், உள்பக்க டிரிம், கண்ணாடி, ஹெட்லைட் பிராக்கெட், இந்த மாதிரி தேயாத சாமான் மட்டும்தான். பிரேக், சஸ்பென்ஷன், ரப்பர், பம்பு எதுவும் பழசுல வாங்க மாட்டேன். எலக்ட்ரானிக் மாடியூல் பழசு வாங்குறது இன்னும் தலவலி, நிறைய மாடியூல்ல பழைய வண்டியோட கோடிங் உக்காந்திருக்கும், நம்ம வண்டில மாட்டுனா ஏத்துக்காது.

சரி, வாங்கும்போது என்ன பாக்கணும். இதுல நான் கொஞ்சம் நீட்டுவேன், ஏன்னா பின்னாடி ஆகுற செலவுல பாதி இங்கயே முடிவாகிடுது.

இந்த இஞ்சினுக்கு என்47னு பேரு. இதோட டைமிங் செயின், அதாவது இஞ்சின் வால்வெல்லாம் சரியான நேரத்துல தொறந்து மூட வெக்கிற சங்கிலி, அத பத்தி உலகம் பூரா ஓனர்ங்க புலம்பியிருக்காங்க. பெரும்பாலான வண்டில டைமிங் செயின் இஞ்சினுக்கு முன்பக்கம் இருக்கும். இதுல பின்பக்கம், கியர்பாக்ஸ ஒட்டி வெச்சுட்டாங்க. செயின் தேஞ்சு சத்தம் போட ஆரம்பிச்சா கியர்பாக்ஸயோ இஞ்சினையோ இறக்காம வேலையே பாக்க முடியாது, செயின் வெல கம்மிதான், இறக்கி ஏத்துற கூலிதான் கொல்லும். விட்டுட்டா, செயின் அறுந்துச்சுன்னா இஞ்சினே போச்சு. ஆரம்ப வருஷ வண்டிலதான் இது அதிகம், பின்னாடி வந்ததுல திருத்தியிருக்காங்க. அதனால வண்டி பாக்கப் போறப்போ ஓனர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. பானெட்ட தொட்டு பாருங்க, சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். ஜில்லுனு இருக்குற இஞ்சின ஸ்டார்ட் பண்ணி, டாஷ்போர்டுக்கு பின்னாடி பக்கம் இருந்து சங்கிலி இழுபடுற மாதிரி சத்தம் வருதான்னு காத கொடுத்து கேக்கணும். ஆயிரத்து ஐநூறு ரெண்டாயிரம் ஆர்பிஎம்ல லேசா பிடிச்சும் கேக்கணும். உங்களுக்கு காது பழகலன்னா மெக்கானிக்க கூட்டிட்டு போங்க, அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் லாபம்தான்.

இன்னொன்னு ஈஜிஆர் கூலர், புகைல ஒரு பங்க திரும்ப இஞ்சினுக்குள்ள விடுறதுக்கு முன்னாடி குளிர வெக்கிற பாகம். 2018ல கொரியால டீசல் பிஎம்டபிள்யூ வரிசையா ரோட்ல தீப்பிடிச்சு எரிஞ்சது ஞாபகம் இருக்கலாம், அங்க ஒரு லட்சத்துக்கு மேல வண்டிய ரீகால் பண்ணாங்க, அப்புறம் மத்த நாட்டுக்கும் பரவுச்சு. காரணம் அந்த கூலர்ல கூலன்ட் கசிஞ்சு, கரியோட சேந்து படிஞ்சு, சூட்டுல பத்திக்கிறது. கூலன்ட் அடிக்கடி குறையுது ஆனா கீழ ஒரு சொட்டு கூட இல்லன்னு ஓனர் சொன்னா அந்த பக்கம் ஒரு கண்ணு வைங்க.

கிலோமீட்டர நம்பாதீங்க. பன்னெண்டு வருஷ டீசல் வண்டி நாப்பதாயிரம்தான் ஓடியிருக்குன்னு புரோக்கர் சொன்னா டீ குடிச்சுட்டு கிளம்பிடுங்க, அந்த காலத்துல டீசல் ஆட்டோமேட்டிக்க முப்பது லட்சம் கொடுத்து வாங்குனவன் வீட்ல மூடி வெக்கவா வாங்குனான். இந்த வண்டில ஒரு வசதி, மீட்டர்ல மட்டும் இல்லாம உள்ள இன்னொரு மாடியூல்லயும் கிலோமீட்டர் பதிவாகும், சாவிலயும் பதிவாகும். ஸ்கேனர் வெச்சு எல்லாத்தயும் ஒப்பிட்டா குட்டு உடைஞ்சிரும். என் வண்டி வாங்கும்போதே ஒன்னேகால் லட்சம் கிட்ட ஓடியிருந்துச்சு, மறைக்காம சொன்னாங்க, சர்வீஸ் பில் ஃபைல் ஒன்னு கொடுத்தாங்க, அந்த ஃபைலுக்குத்தான் நான் காசு கொடுத்தேன்னு சொல்லுவேன். முந்தின ஓனர் ஒரு டாக்டர், டீசல் போட்ட சீட்டு கூட அடுக்கி வெச்சிருந்தாரு.

அப்புறம் வெள்ளம். சென்னைல வண்டி வாங்குறோம்னா 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் மனசுல இருக்கணும். தண்ணில முழுகுன லக்சரி வண்டிய இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் போட்டு ஏலத்துல விட்டுடும், அத ஒருத்தன் எடுத்து காய வெச்சு, சீட்ட மாத்தி, சென்ட் அடிச்சு விப்பான். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, வழக்கமா யாரும் இழுக்காத அந்த கடைசி ஒரு அடில சேறு கோடு தெரியும். டிக்கில அடி மேட்ட தூக்குங்க. இந்த வண்டில பேட்டரியே டிக்கிலதான் இருக்கு, அந்த பள்ளத்துல துரு, மண்ணு இருந்தா போட்டோ கூட எடுக்காம வந்துருங்க. இஞ்சின் ரிப்பேர் ஆனா கணக்கு போடலாம், வயரிங்ல தண்ணி போன வண்டிக்கு கணக்கே கிடையாது, இன்னிக்கு ஜன்னல் இறங்காது, நாளைக்கு ஏர்பேக் லைட்டு எரியும், ஸ்கேன் பண்ணா ரெண்டு பக்கத்துக்கு எரர் வரும்.

டெல்லி வண்டி வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. அங்க பத்து வருஷம் தாண்டுன டீசல் வண்டி, பதினஞ்சு வருஷம் தாண்டுன பெட்ரோல் வண்டி ஓட்டக்கூடாதுன்னு 2014லயும் 2015லயும் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதயே உறுதி பண்ணுச்சு. அதுலருந்து 2025ல கோர்ட் அத தளர்த்துற வரைக்கும் ஒன்பது வருஷம் ஆன டீசல் மெர்சிடிஸ், ஆடியெல்லாம் அங்க அடிமாட்டு வெலைக்கு வந்துச்சு. பாக்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா அங்கருந்து என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கணும், அதுக்கு ஃபார்ம் 28, லோன் இருந்திருந்தா அத முடிச்சு பேங்க் கிட்ட ஃபார்ம் 35, இங்க வந்து ஃபார்ம் 27 போட்டு புது நம்பர், அதோட நம்ம ஊர் லைஃப் டாக்ஸ் வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி மறுபடி கட்டணும். டிரெய்லர்ல ஏத்திட்டு வர்ற வாடகை வேற. இது எல்லாம் கூட்டி பாத்தா இங்க இருக்குற வண்டிக்கும் அதுக்கும் வித்தியாசம் ரொம்ப சுருங்கிடும். அத விட பெரிய விஷயம், ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்குற வண்டிய ஜில்லுனு ஸ்டார்ட் பண்ணி கேக்க உங்க மெக்கானிக் வர மாட்டாரு. நான் வேணாம்னுதான் சொல்லுவேன்.

லோன் பத்தி ஒரு வரி. பத்து வருஷம் தாண்டுன காருக்கு பேங்க்ல கார் லோன் கிடைக்கிறது கஷ்டம், உடனே பர்சனல் லோன் எடுக்கலாம்னு தோணும். எடுக்காதீங்க. இஎம்ஐ கட்டிட்டே வண்டிய ஷெட்ல நிறுத்தி பார்சலுக்கு காத்திருக்க மனசு வராது, அவசரப்பட்டு சொன்ன ரேட்ட கொடுத்து எடுத்துட்டு வந்துருவீங்க, அப்புறம் நான் மேல சொன்ன கணக்கு எல்லாம் வேலைக்கு ஆகாது.

வாங்குன வெலைல கால்வாசிய முதல் வருஷத்துக்குன்னு தனியா எடுத்து வைங்க. ஏழு லட்சத்துக்கு வாங்குனா ஒன்னே முக்கால் லட்சம். இது பயமுறுத்த சொல்லல, முந்தின ஓனர் விக்கணும்னு முடிவு பண்ண நாள்லருந்து வண்டிக்கு செலவு பண்றத நிறுத்தியிருப்பாரு, எவ்ளோ நல்ல டாக்டரா இருந்தாலும். அதனால வந்த உடனே ஒரு தடவ எல்லாத்தயும் ஜீரோல இருந்து ஆரம்பிக்கணும். இஞ்சின் ஆயில் அஞ்சு லிட்டருக்குக் கொஞ்சம் மேல பிடிக்கும், பிஎம்டபிள்யூ சொல்ற லாங்லைஃப் 04 கிரேடுதான் ஊத்தணும், எல்லா ஃபில்டரும், பிரேக் ஆயில், கூலன்ட், பெல்ட், பிரேக் பேடு, அதோட சென்சார். கம்பெனி முப்பதாயிரம் கிலோமீட்டர்க்கு ஒரு தடவ ஆயில் மாத்துனா போதும்னு டாஷ்போர்டுல காட்டும், நம்ம வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் நான் பத்தாயிரத்துக்கு ஒரு தடவ மாத்திடறேன், வெளிய ஷெட்ல பத்து பன்னெண்டாயிரத்துல முடியுது. செயினுக்கும் டர்போவுக்கும் அதுதான் சோறு.

கியர்பாக்ஸ் ஆயில் ஒரு தனி கூத்து. ஷோரூம்ல கேட்டா அது லைஃப்டைம், மாத்தவே வேணாம்பாங்க. யாரோட லைஃப்டைம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த கியர்பாக்ஸ செஞ்ச இசட்எஃப் கம்பெனியே எண்பதாயிரத்துல இருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள்ள இல்லன்னா எட்டு வருஷத்துல மாத்தச் சொல்லுது. அதுல அடி டிரேயும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் பீஸா வரும், அப்படியே மொத்தமா மாத்தணும், ஆயிலும் அவங்களோடதே ஊத்தணும், மொத்தமா நாப்பதாயிரம் கிட்ட ஆகும். வலிக்கும்தான். ஆனா கியர்பாக்ஸ் போச்சுன்னா வண்டி வெலைல பாதி போயிரும், அதனால இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

டயர் ரன் ஃப்ளாட். பஞ்சர் ஆனாலும் எண்பது ஸ்பீடுல எண்பது கிலோமீட்டர் வரைக்கும் ஓடும், அதனால வண்டில ஸ்டெப்னியே கிடையாது. ஜெர்மனில எண்பது கிலோமீட்டருக்குள்ள டயர் கடை இருக்கும், விழுப்புரம் தாண்டி ராத்திரி பதினோரு மணிக்கு 225/45 ஆர்17 ரன் ஃப்ளாட்டுக்கு எங்க போறது. அதோட சைடு கல்லு மாதிரி இருக்கும், வேளச்சேரி பள்ளத்துல ஒரு இறக்கு இறங்குனா வீங்கிடும், ஒரு டயர் வெலைல சாதா டயர் கிட்டத்தட்ட ரெண்டு வாங்கலாம். நான் நாலையும் சாதா டியூப்லெஸ்ஸா மாத்திட்டேன், டிக்கில சின்ன ஸ்பேர் வீலு ஒன்னு, பஞ்சர் கிட், காத்தடிக்கிற கம்ப்ரஸர். வண்டி குதிக்கிறதும் பாதி குறைஞ்சுருச்சு. இத செஞ்சா இன்சூரன்ஸ்காரங்க கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

பேட்டரி மாத்துனா வெறுமனே மாட்டிட்டு வரக்கூடாது, ஸ்கேனர் போட்டு புது பேட்டரின்னு வண்டிக்கு சொல்லணும். பேட்டரி வயசுக்கு ஏத்த மாதிரிதான் வண்டி சார்ஜ் ஏத்தும், சொல்லலன்னா பழசுன்னே நெனச்சு புதுசுக்கும் அதே மாதிரி ஏத்தி சீக்கிரம் கெடுத்துரும். தெரு முனை பேட்டரி கடைல இது தெரியாது, "அதெல்லாம் ஒன்னும் வேணாம் சார்"னு அனுப்பிடுவாங்க.

இப்ப வீட்ல நடந்த வாக்குவாதத்துக்கு வர்றேன். வைஃப் கேட்ட கேள்வி நியாயமானதுதான், "இந்த காசுக்கு புதுசா ஒரு ஸ்விஃப்ட் எடுத்தா அஞ்சு வருஷம் தலவலி இல்லாம ஓடுமே?" ஓடும். ஆனா ஒன்பது பத்து லட்சம் கொடுத்து ஆன் ரோடு எடுத்த ஸ்விஃப்ட் அஞ்சு வருஷம் கழிச்சு விக்கும்போது அஞ்சு அஞ்சரை வந்தா பெருசு. அந்த நாலு லட்சம் யாரும் பில் போட்டு கேக்க மாட்டாங்க, அதனால நமக்கு செலவாவே தெரியாது. என் வண்டி வெலைல விழ வேண்டியத எல்லாம் டாக்டர் கைலயே விழுந்து முடிச்சுருச்சு, இனி விழுந்தா வருஷத்துக்கு அம்பதாயிரம் விழும். மிச்ச காச நான் அண்ணனோட ஷெட்ல கொடுக்குறேன். முதல் வருஷம் தவிர்த்து பாத்தா எனக்கு வருஷத்துக்கு எழுபதாயிரத்துல இருந்து ஒரு லட்சம் வரைக்கும் போகுது, டீசலும் இன்சூரன்ஸும் இல்லாம. அஞ்சு வருஷம்னு பாத்தா ஸ்விஃப்ட விட இதுல கூடவேதான் ஆகும். நான் லாபம்னு சொல்ல வரல. அந்த கூடுதல் காசுக்கு எனக்கு எது பிடிக்குதோ அது கிடைக்குதுன்னுதான் சொல்றேன். அவங்களுக்கு இந்த கணக்கு பாதிதான் புடிச்சுது, ஆனா ஆல்டோ அவங்க பேர்லயே இருக்கும்னு சொன்னதும் சரின்னுட்டாங்க.

இன்சூரன்ஸ்ல ரெண்டு விஷயம். 1500 சிசிக்கு மேலங்கறதால தர்ட் பார்ட்டி பிரீமியமே 2022 ஜூன்ல வந்த ரேட்டுப்படி 7,897 ரூபா, ஜிஎஸ்டி தனி. இந்த வயசு வண்டிக்கு ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காம முழு காசும் தர்ற பாலிசி, கிடைக்காது, அதனால பம்பர் உடைஞ்சா பிளாஸ்டிக்குக்கு பாதி காசுதான் வரும், மீதி நம்ம கைல இருந்து. டாக்டரோட நோ கிளைம் போனஸ், கிளைம் பண்ணாம இருந்ததுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி, நமக்கு வராது, அது வண்டியோட போறது இல்ல, ஆளோட போறது. நீங்க வித்த பழைய காருக்கு இருந்த போனஸ இதுக்கு மாத்திக்கலாம், கேட்டாதான் செய்வாங்க.

பிஎம்டபிள்யூதான் வாங்கணும்னு இல்ல. மெர்சிடிஸ் இ கிளாஸ், டபிள்யூ211 பாடி, அழகான வண்டி, ஆனா 2006 ஃபேஸ்லிஃப்ட்டுக்கு முந்தின மாடல்ல எஸ்பிசின்னு ஒரு எலக்ட்ரானிக் பிரேக் சிஸ்டம் இருக்கு, அந்த பம்பு இத்தன தடவதான் பிரேக் போடலாம்னு எண்ணிட்டே இருக்கும், எண்ணிக்கை முடிஞ்சா மாத்தச் சொல்லும். ஃபேஸ்லிஃப்ட்ல கம்பெனியே அத தூக்கிட்டாங்க. எடுத்தா பின்னாடி வந்தத எடுங்க. ஆடி ஏ4 டீசல்ல மல்டிட்ரானிக்னு சிவிடி கியர்பாக்ஸ் வரும், அறுபதாயிரத்துக்கு ஒரு தடவ ஆயில் மாத்துன பில்லு இல்லன்னா தொடாதீங்க. ஸ்பிரிங்குக்கு பதிலா காத்துப் பை இருக்குற ஏர் சஸ்பென்ஷன் வண்டி எதுவா இருந்தாலும் ராத்திரி நிறுத்துன இடத்துல காலைல போய் பாருங்க, ஒரு மூல தாழ்ந்து உக்காந்திருந்தா வெலய கொறைச்சு கேக்கவும் வேணாம், வேற வண்டி பாருங்க.

இவ்ளோ இம்சைக்கு எதுக்குடா இந்த வண்டின்னு கேப்பீங்க. திண்டிவனம் தாண்டி ரோடு காலியா இருக்கும்போது ஒரு லாரிய ஓவர்டேக் பண்ண காலு லேசா வெச்சா போதும், 380 நியூட்டன் மீட்டர் டார்க் பின்னாடி ரெண்டு சக்கரத்துல இருந்து முதுக புடிச்சு தள்ளும், நூறுல போறோமா அறுபதுல போறோமான்னு உள்ள தெரியாது. கதவு சாத்துற சத்தம் பதினாலு வருஷம் கழிச்சும் அப்படியே இருக்கு. அதுக்குத்தான்.

ஆனா யாரும் சொல்லாத ஒரு மெயின்டனன்ஸ் இருக்கு, ஊர்ல ஆகுறது. முதல் தடவ வண்டிய ஊருக்கு எடுத்துட்டு போனப்போ வாசல்ல நிறுத்துன ஒரு மணி நேரத்துல கோயில் கும்பாபிஷேகத்துக்கு ரசீது புக்கோட வந்துட்டாங்க. ஆல்டோல போனா ஐநூத்தி ஒன்னு எழுதுவாங்க, இதுல போனா அவங்களே ஐயாயிரத்தி ஒன்னுன்னு எழுதி வெச்சுட்டு பேர மட்டும் கேக்குறாங்க. வண்டி ஏழு லட்சம்தான் மாமா, பக்கத்து வீட்டு கிரெட்டால பாதி கூட வராதுன்னு சொன்னா, "தன்னடக்கம்டா உனக்கு"ன்னு தோள தட்டுறாங்க. வீட்டுக்கு பெயின்ட் அடிக்க கான்ட்ராக்டர் வந்தாருன்னா நான் இப்பல்லாம் வண்டிய அடுத்த தெருவுல நிறுத்திடறேன்.

2026ல ஆர்சிக்கு பதினஞ்சு வருஷம் முடியுது. ஃபார்ம் 25 போட்டு, ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிய காட்டி அஞ்சு வருஷத்துக்கு ரினீவல் வாங்கணும், முன்னாடி 600 ரூபாயா இருந்த ஃபீஸ் 2022 ஏப்ரல்ல இருந்து 5,000, லேட் ஆனா மாசத்துக்கு 500 அபராதம், பசுமை வரி அது தனி. இறக்குமதி வண்டியா இருந்தா அதே ரினீவலுக்கு 40,000. செங்கல்பட்டு வண்டிங்கறதால எனக்கு 5,000தான். இந்த ஒரு விஷயத்த சொந்தக்காரங்களுக்கு சொன்னப்போ மட்டும் சிரிச்சாங்க.